பேரினப் பொருளியலை எங்கிருந்து தொடங்குவது? – வாசகர் கேள்வி பதில்

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை முழுமையாக நோக்கும் பாடமாகிய பேரினப் பொருளியலைத் தாமாகவே கற்க முயலும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் ஐந்தைத் தெரிந்தெடுத்து இம்முறை பதில் தருகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் எனப் பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: தனியார் வங்கியொன்றில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறேன். 2022 பொருளாதார நெருக்கடியின்போது வாடிக்கையாளர்கள் கேட்ட பல கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியவில்லை. அதன்பின் யூடியூப்பில் ஏராளமான விரிவுரைகளைப் பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் விளங்குகிறது, மறுநாள் ஒன்றும் நிற்பதில்லை. எந்த நூலில் தொடங்கலாம்? – வங்கி ஊழியர், வெள்ளவத்தை.

பதில்: அது உங்கள் நினைவாற்றலின் குறையன்று. அந்த ஒளிப்பதிவில் கணக்கைப் போட்டவர் விரிவுரையாளர். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பேரினப் பொருளியல் கதையாகச் சொல்வதற்கு இலகுவான பாடம் என்பதால், கேட்டவுடன் விளங்கிவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. வருமானம், செலவு, விலை, வட்டி, செலாவணி வீதம் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு இழுக்கின்றன என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தால்தான் அது கைக்கு வரும்.

ஆகவே ஒரே ஒரு பாடநூலை எடுத்து, அத்தியாய இறுதிக் கேள்விகளை விடாமல் செய்து முடியுங்கள். வேலை முடிந்து மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய உங்களுக்கு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் திட்டம் வெளியிட்டுள்ள ‘பிரின்சிபல்ஸ் ஒஃப் மக்ரோ எகொனொமிக்ஸ்’ என்ற நூலையே முதலில் சொல்வேன். அதை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம்; ஆங்கிலம் எளிமையானது; சுயமாகச் சோதித்துப் பார்க்கும் கேள்விகளுக்கு விடையும் உண்டு. பல நாட்டுப் பொருளியலாளர்கள் சேர்ந்து எழுதிய, கோர் எகொன் குழுவின் ‘தி எகொனொமி’ என்ற நூலும் இலவசமே. சிந்தனையைத் தூண்டுவதில் அதற்கே முதலிடம் கொடுப்பேன் என்றாலும், அது வரலாறு, சமத்துவமின்மை, சுற்றுச்சூழல் என்று அகலமாகச் செல்வதால், கருத்துகளை வரிசையாக அடுக்கிக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இரண்டாம் வாசிப்பாக அமைவதே நல்லது. கான் அகடமியின் ஒளிப்பதிவுகளையும், டைலர் கோவன், அலெக்ஸ் டபரொக் ஆகிய இரு பேராசிரியர்கள் தொடங்கிய மார்ஜினல் ரெவல்யூஷன் யூனிவர்சிட்டியின் குறும்பாடங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை; ஆனால் அத்தியாயத்தைப் படித்து, கேள்வியை முயன்று, தடுக்கிய இடத்தில் மட்டும் அவற்றைத் திறவுங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அந்த நூல்களிலுள்ள உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவினுடையவை. ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்தவுடன் அதே கருத்துக்குரிய இலங்கையின் எண்ணை எடுத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்காவிட்டால், படித்தது வேறொரு நாட்டின் செய்தியாகவே எஞ்சிவிடும். அந்த வகையில் நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த, மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் பாடப்பொருள், இலங்கை மத்திய வங்கி வெளியிடும் நாணயக் கொள்கை மீளாய்வு என்பேன். தற்போது ஆண்டுக்கு ஆறு தடவைகள், தமிழிலும், ஓரிரு பக்கங்களில் வெளிவருகிறது. கொள்கை வட்டி வீதத்தை ஏன் மாற்றினார்கள், அல்லது ஏன் மாற்றவில்லை என்பதற்கான காரணங்கள் முழுவதும் அதில் உண்டு.

ஓர் உதாரணம் தருகிறேன். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாக உச்சத்தைத் தொட்டது. ஒரே ஆண்டில், 2023 செப்டெம்பரில், அது 1.3 சதவீதமாக இறங்கியது. அந்நாட்களில் உங்கள் வாடிக்கையாளர்கள், “பணவீக்கம் குறைந்துவிட்டதாம், கடையில் ஒன்றும் குறையவில்லையே” என்று கேட்டிருப்பார்கள். தாளில் எழுதுங்கள்: 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கூடை, 2022 செப்டெம்பரில் 169 ரூபா 80 சதம், அதன்மேல் 1.3 சதவீதம் ஏறினால் 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ரூபா. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் மறையாகி −0.5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டபோதுகூட அந்தக் கூடை 171 ரூபாவுக்குத்தான் வந்தது. குறைந்தது விலை ஏறும் வேகம். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றது. (2023ஆம் ஆண்டு தொடக்கம் சுட்டெண்ணின் அடியாண்டு 2013இலிருந்து 2021க்கு மாற்றப்பட்டதால் இக்கணக்கு தோராயமானதே, ஆயினும் கருத்து மாறாது.) இந்த மூன்று வரிக் கணக்கைச் சொந்தக் கையால் போட்டவர், விலை மட்டத்துக்கும் பணவீக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

பிறகு 2022 ஏப்ரல் 8ஆம் திகதிய அறிக்கையைத் தேடி எடுங்கள். மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி, துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை (வங்கிகள் மத்திய வங்கியிடம் ஓரிரவுக் கடன் பெறும் வட்டி வீதத்தை) 14.50 சதவீதமாக்கிய நாள் அது. உங்கள் வங்கியில் கடன் விண்ணப்பங்கள் திடீரென வற்றியதை நேரில் பார்த்திருப்பீர்கள். நாணயக் கொள்கை அத்தியாயத்தில் அம்புக்குறிகளாக வரைந்து காட்டப்படும் சங்கிலியின் முதற்கண்ணி அதுவே. பல்கலைக்கழக மாணவருக்குக் கிடைக்காத ஆய்வுகூடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: மகள் தமிழ் மூலம் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள். ரியூஷன் குறிப்புகளைத் தவிர வேறு எதையும் வாசிப்பதில்லை. தமிழில் நல்ல நூல்கள் உண்டா? இணையத்தில் தேடினால் இந்திய நூல்கள்தான் வருகின்றன. சொற்களே வேறாக இருக்கின்றன. – ஒரு தாய், கொட்டாஞ்சேனை.

பதில்: சொற்சிக்கல் உண்மையானது, அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. நமது பாடசாலைகளில் பேரினப் பொருளியல் என்பதை, மத்திய வங்கியின் தமிழ் வெளியீடுகள் பேரண்டப் பொருளாதாரம் என்கின்றன. தமிழ்நாட்டில் பேரியல் என்ற வழக்கு உண்டு. நாம் இறைக் கொள்கை என்பதை அவர்கள் நிதிக் கொள்கை என்பார்கள். நமது நாணயக் கொள்கை அங்கே பணவியல் கொள்கை. நமது சென்மதி நிலுவை அங்கே செலுத்துநிலை. நமது வட்டி வீதம் அங்கே வட்டி விகிதம். மகளை ஒரு கொப்பியில் ஆங்கிலச் சொல், நமது சொல், அவர்களது சொல் என்று மூன்று நிரல்கள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தவணைக்குள் ஐம்பது சொற்கள் சேர்ந்துவிடும், அதன்பிறகு எந்தக் கரையின் நூலும் அவளுக்குத் தடையாக இராது.

பரீட்சையைப் பொறுத்தவரை மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியுமே ஆதாரம். அவற்றை நிறுவகத்தின் இணையத்தளத்திலிருந்து தமிழில் இலவசமாகப் பெறலாம். ரியூஷன் குறிப்பு எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மனப்பாடம் செய்ய விடாதீர்கள். மேலதிக வாசிப்புக்குத் தமிழ்நாட்டு அரசின் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் நூல் நல்லது. அது பெரும்பாலும் பேரினப் பகுதியைப் பற்றியது, அதுவும் இலவசமே. ஆனால் அதிலுள்ள இந்திய ரிசர்வ் வங்கி, இந்திய வரவுசெலவுத் திட்டம் பற்றிய பகுதிகளை அவள் நமது பரீட்சைத் தாளில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மக்கள் வங்கி வெளியிட்ட ‘பொருளியல் நோக்கு’ சஞ்சிகையின் பழைய இதழ்கள் பல, நூலகம் எண்ணிம நூலகத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றின் புள்ளிவிபரங்கள் பழையவை என்பது உண்மைதான். இருந்தும் பொருளியலைத் தடுமாற்றமில்லாத தமிழில் எப்படி எழுதுவது என்பதற்கு அவற்றைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை, கட்டுரை வினாவுக்கு அது உதவும். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். விடுமுறை நாளொன்றில் கோட்டை, சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையைப் பார்த்துவிட்டும் வரலாம். பரீட்சைக்குப் புள்ளி கிடைக்காது, ஆனால் பணம் என்பது வெறும் வரைவிலக்கணமல்ல என்பது அங்கே தெரியும்.

கேள்வி: பொருளியல் பற்றிப் பேசாதவர் இன்று யாருமில்லை. ஒரு நூலோ, ஒரு விரிவுரையோ தரமானதா என்பதைக் கற்கத் தொடங்கும் ஒருவர் எப்படி அறிவது? பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டிலேயே இரண்டு பாடநூல்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. – மாணவர், தெஹிவளை.

பதில்: நான் நெடுங்காலமாக ஒரு சோதனையை வைத்திருக்கிறேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியைச் செலவு முறையில் கணக்கிடும்போது நுகர்வு, முதலீடு, அரசாங்கச் செலவு, ஏற்றுமதி ஆகியவற்றைக் கூட்டி இறக்குமதியைக் கழிக்கிறோம் அல்லவா? ஏன் கழிக்கிறோம் என்பதை அந்த நூல் எவ்வாறு விளக்குகிறது என்று பாருங்கள். “இறக்குமதி நாட்டுக்கு நட்டம், அதனால் கழிக்கிறோம்” என்ற பொருளில் ஒருவர் சொன்னால், அவரிடம் மேற்கொண்டு கற்க வேண்டாம்.

சரியான விளக்கம் இதுதான். நீங்கள் இரண்டு இலட்சம் ரூபாவுக்கு இறக்குமதி செய்யப்பட்ட மடிகணினி ஒன்றை வாங்கும்போது அத்தொகை நுகர்வுக்குள் ஏற்கெனவே சேர்ந்துவிடுகிறது. அது இங்கே உற்பத்தியானதன்று. ஆகவே தவறாக உள்ளே வந்ததை வெளியே எடுக்கவே கழிக்கிறோம். கடைக்காரரின் இலாபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கூட்டலும் கழித்தலும் சேர்ந்து பூச்சியமாகின்றன. உற்பத்தி கூடவுமில்லை, குறையவுமில்லை. 2020 மார்ச் தொடக்கம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், “இறக்குமதி குறைந்தால் அந்த அளவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி தானாகக் கூடும்” என்று படித்தவர்களே மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். இறக்குமதித் தடை டொலரை மிச்சப்படுத்தியதா, பதிலீடாக உள்ளூர் உற்பத்தி எழுந்ததா, மூலப்பொருளின்றி உற்பத்தி முடங்கியதா என்பவை தனித்தனியாக ஆராய வேண்டிய கேள்விகள். சமன்பாட்டிலுள்ள ஒரு கழித்தற் குறியிலிருந்து அவற்றுக்கு விடை பெற முடியாது.

உங்கள் இரு நூல்களின் முரண்பாடு பெரும்பாலும் வரிசையின் முரண்பாடாகவே இருக்கும். கிரெகரி மான்கிவின் இடைநிலைப் பாடநூல் விலைகள் முழுமையாக நெகிழும் நீண்டகாலத்தில் தொடங்கிக் குறுங்காலத்துக்கு வருகிறது. ஒலிவியே பிளான்சார்ட்டின் நூல் கேள்வி (பொருட்களை வாங்குவோரின் தேவை) உற்பத்தியைத் தீர்மானிக்கும் குறுங்காலத்தில் தொடங்கி நீண்டகாலத்துக்குச் செல்கிறது. முதலாவதில், சேமிப்புக் கூடினால் முதலீடும் வளர்ச்சியும் கூடும் என்று படித்த மாணவர், இரண்டாவதில் எல்லோரும் ஒரே நேரத்தில் சேமிக்க முயன்றால் வருமானம் சுருங்கும் என்று வாசித்துத் திகைத்துப்போகிறார். இரண்டும் சரி, பேசப்படும் காலம்தான் வேறு. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ‘எந்தக் காலத்தில்?’ என்று பென்சிலால் எழுதிக்கொள்ளும் பழக்கம் இந்தத் திகைப்பைப் பெருமளவு தீர்க்கும்.

ஆனால் அந்நூல்களின் முற்பகுதி மாதிரிகள் பலவும் வெளிநாட்டு வர்த்தகத்தைக் கணக்கில் எடுக்காத மூடிய பொருளாதாரத்துக்கு உரியவை என்பதையும், அவற்றின் பின்னணியில் இருக்கும் அமெரிக்கா தன் சொந்த நாணயத்திலேயே கடன் வாங்கக்கூடிய நாடு என்பதையும் மறக்கக்கூடாது. நமது கதை அப்படியன்று. 2019 டிசெம்பர் முதலாம் திகதி பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2020இல் வட்டி வீதங்கள் மிகத் தாழ்ந்தன. 2021இல் ரூபா டொலருக்கு 200 அளவில் பிடித்துவைக்கப்பட்டது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த உத்தியோகபூர்வ வெளிநாட்டுச் செலாவணி ஒதுக்கு 2021 இறுதியில் 3.1 பில்லியனாக வற்றியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தல் இடைநிறுத்தப்பட்டது. இதை விளங்கிக்கொள்ள, 1960களின் தொடக்கத்தில் ரொபர்ட் மண்டெலும் மார்கஸ் பிளெமிங்கும் உருவாக்கிய திறந்த பொருளாதார மாதிரிக்குச் செல்ல வேண்டும்: நிலையான செலாவணி வீதம், சுயாதீனமான வட்டிக் கொள்கை, தடையற்ற மூலதனப் பாய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்திருக்க முடியாது. நம்மிடம் மூலதனக் கட்டுப்பாடுகள் இருந்தும் ஒதுக்கு ஏன் வற்றியது என்று கேட்டுப் பாருங்கள். கடன் தவணையும் இறக்குமதிக் கட்டணமும் டொலராகவே வெளியேறின என்ற விடையோடு, மாதிரி எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதும் தெளிவாகும். இதற்குக் குரூக்மன், ஒப்ஸ்ட்ஃபெல்ட், மெலிட்ஸ் மூவரும் எழுதிய சர்வதேசப் பொருளியல் நூலின் பிற்பாதியைப் பரிந்துரைக்கிறேன். அதனோடு, 2023 மார்ச் 20இல் அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் திட்டத்தின் கீழ்ச் சர்வதேச நாணய நிதியம் வெளியிடும் மீளாய்வு அறிக்கைகளையும் வாசியுங்கள். நிதியத்தின் பரிந்துரைகளை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அட்டவணைகளை வாசிக்கத் தெரியாமல் இரண்டையும் செய்ய முடியாது.

கேள்வி: மத்திய வங்கி இத்தனை பில்லியன் காசு அச்சிட்டது என்று ஒருவர் சொல்கிறார், அச்சிடவேயில்லை என்று மற்றவர் சொல்கிறார். இருவரும் ஒரே இணையத்தளத்தைத்தான் காட்டுகிறார்கள். இதை எங்கே போய்ப் படிப்பது? – உதிரிப்பாக வியாபாரி, பஞ்சிகாவத்தை.

பதில்: இருவரும் ஒரே சொல்லால் வெவ்வேறு காரியங்களைக் குறிப்பிடுகிறார்கள். நாணயத்தாளை அச்சிடுவது ஒன்று. அரசாங்கத்தின் செலவுக்காகத் திறைசேரி உண்டியல்களை (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரங்களை) நேரடியாக வாங்கி மத்திய வங்கி பணம் கொடுப்பது இன்னொன்று. நெருக்கடிக் காலத்தில் மக்கள் ‘காசு அச்சிடுதல்’ என்று கண்டித்தது பெரும்பாலும் இதனையே. வங்கிகளுக்கிடையிலான சந்தையில் திரவத்தன்மை (கைவசமுள்ள பணம்) குறையும்போது, குறுங்காலத்துக்குப் பணத்தை உட்செலுத்தி வட்டி வீதத்தை இலக்குக்கருகே வைத்திருப்பது மூன்றாவது. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் வழங்குவதையும் முதலாந்தரச் சந்தையில் (புதிதாக வெளியிடப்படும்போதே) அரசாங்கப் பிணையங்களை வாங்குவதையும் பொதுவாகத் தடைசெய்கிறது, மூன்றாவதைத் தடைசெய்யவில்லை. ஆகவே ஒரு நாளில் உட்செலுத்தப்பட்ட தொகையை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாளை அது திரும்பி வரலாம்.

இதைச் சரிபார்க்க மத்திய வங்கி வாராந்தம் வெளியிடும் பொருளாதாரக் குறிகாட்டிகளில் ஒதுக்குப் பணம் (சுற்றோட்டத்திலுள்ள நாணயமும் வங்கிகள் மத்திய வங்கியில் வைத்துள்ள வைப்பும்) என்ற வரியைச் சில மாதங்களுக்குத் தொடர்ந்து கவனியுங்கள். வியாபாரிக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருக்குமே, அதே கொப்பியில் ஒரு நிரல் போதும். கோட்பாட்டை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்து வங்கி 2014இல் தனது காலாண்டுச் சஞ்சிகையில் வெளியிட்ட, நவீன பொருளாதாரத்தில் பணம் உருவாகும் விதம் பற்றிய கட்டுரையைப் படியுங்கள். ஆங்கிலத்தில் சிரமமிருந்தால் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துக் கேட்கலாம். வர்த்தக வங்கி உங்களுக்குக் கடன் தரும்போது உங்கள் கணக்கில் வைப்பாக எழுதும் அத்தொகையே புதிய பணம் என்று அது சொல்வதைக் கேட்டு முதலில் நம்பமாட்டீர்கள். வங்கி எடுத்துத் தருவது பக்கத்துக் கடைக்காரர் போட்ட காசைத்தான் என்றே நாமெல்லாம் நினைத்திருந்தோம்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். கணிதம் சாதாரணதரத்தோடு நின்றுவிட்டது. இந்தப் பாடத்தைத் தொடலாமா? புதிய நூல்களின் விலை ஓய்வூதியத்துக்குக் கட்டுப்படியாகாது. – பம்பலப்பிட்டி.

பதில்: தாராளமாகத் தொடலாம். அறிமுகநிலைக்குச் சதவீதம், நேர்கோட்டு வரைபு, எளிய சமன்பாடு ஆகியவை போதும். ஆண்டு வளர்ச்சி வீதத்தால் 70ஐ வகுத்தால் வருமானம் இரட்டிக்க எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும்: 5 சதவீதமானால் 14 ஆண்டுகள், 2 சதவீதமானால் 35 ஆண்டுகள். இவ்வளவு கணிதத்தை வைத்துக்கொண்டே நெடுந்தூரம் போகலாம். சமன்பாடுகள் அலுப்புத் தட்டினால், 1949இல் ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் நாட்டு வருமானத்தின் ஓட்டத்தைக் காட்டுவதற்காக நிறந்தீட்டிய நீரும் குழாய்களும் கொண்டு அமைத்த இயந்திரத்தை இயக்கிக் காட்டும் ஒளிப்பதிவுகள் இணையத்தில் உள்ளன. வகுப்பறையில் நின்றவருக்கு அதன் அருமை தெரியும்.

நூல்களுக்கு விகாரமகாதேவி பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்புப் பொது நூலகத்தை முதலில் நாடுங்கள். சொந்தமாக வேண்டுமென்றால் மருதானை, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்புகளைத் தேடிப் பார்க்கலாம். பழைய பதிப்பில் பெரும்பாலான அத்தியாயங்கள் கெட்டுப்போவதில்லை. பணமும் வங்கியும் பற்றிய அத்தியாயம் மாத்திரம் விதிவிலக்கு. அமெரிக்க மத்திய வங்கி 2008 ஒக்டோபரில் வங்கிகளின் ஒதுக்குகளுக்கு வட்டி கொடுக்கத் தொடங்கி, 2020 மார்ச்சில் கட்டாய ஒதுக்கு வீதத்தைப் பூச்சியமாக்கிவிட்டதால், 2008க்கு முந்திய நூல்கள் விரிவாக விளக்கும் பணப்பெருக்கி (வங்கிகளின் ஒதுக்கு பன்மடங்கு வைப்புகளாகப் பெருகும் முறை) இன்று அங்கே அப்படி இயங்குவதில்லை. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் முதற் பதிலில் சொன்ன இலவச நூலில் படித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பயிற்சிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் விடைகளையெல்லாம் பென்சிலால் எழுதியிருந்தால் வேறு பிரதி கேளுங்கள், இல்லையென்றால் ஓர் அழிறப்பரும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள்.